கொல்லிமலை: சமவெளி நடுவே ஒரு மலைத்தீவு... மூணு நாள்ல எப்படிச் சுற்றலாம்?

நாமக்கல்லைத் தாண்டி சேந்தமங்கலம் பக்கம் போய் நின்று பாருங்கள். வயல், தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை என்று தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும் நிலத்திலிருந்து திடீரென ஒரு மலை எழுந்து நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் போல மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒட்டியது இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் தனித்து நிற்கிற துண்டு. சுற்றிலும் கடலுக்குப் பதில் சமவெளி, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஒரு தீவுக்குப் போவதுபோலவே திட்டமிடுவது நல்லது. ஏறும் வழிகள் குறைவு. கொண்டுபோகாத பொருள் மேலே கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பலர் செய்வது என்ன? காலையில் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி, செல்ஃபி எடுத்து, அருவியில் குளித்து, சாயங்காலமே இறங்கிவிடுவது. மலையைவிட வளைவுகளைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அதோடு, நாள் முழுக்க அலைந்த டிரைவர் இருட்டில், களைப்போடு அந்த 70 வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். ரெண்டு ராத்திரி தங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் நாள்: வெளிச்சத்திலேயே ஏறிடுங்க!

நாமக்கல்லுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகச் சோளக்காட்டுக்கு ஏறுவதுதான் பிரபலமான பாதை. முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது. சேலம், ராசிபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதி. வளைவுகளைக் கண்டால் வயிறு கலங்குகிறவர்களும் அதையே தேர்ந்தெடுக்கலாம். அடிவாரத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பணமும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் கண்ணாமூச்சி ஆடும், போனில் பணம் அனுப்பலாம் என்று நம்பிப் போனால் டீக்கடையில் அசடு வழிய வேண்டிவரும்.

வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதையின் விதி. இறங்கும்போது நியூட்ரல் வேண்டவே வேண்டாம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடேறி நாற்றம் வரும். வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், ‘பார்த்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள்.

சோளக்காட்டுச் சந்தையில் வாழை, பலா, அன்னாசி, மிளகு கிடைக்கும். ஆனால் வாங்குவதை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் மூணு நாள் பலாப்பழ வாசனை எல்லோருக்கும் ஒத்துவராது. தாலுகா தலைமையிடமான செம்மேட்டில் தங்கினால் பஸ், சாப்பாடு ரெண்டுக்கும் சுலபம். வல்வில் ஓரியின் சிலையும் இங்கேதான் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரி ஆண்ட மலை இது. ஆடி 18-ஐ ஒட்டி, அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், வல்வில் ஓரி விழா நடக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது வாருங்கள், அமைதி வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சுற்றும்போது ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். திருப்புலி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு... ஒவ்வொன்றும் ‘நாடு’தான்! மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய நிலப்பிரிவுகள் இவை, இன்று ஊராட்சிகளாக இருக்கின்றன. (மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளி. கேரளாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகிற மண் இது. தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சாமைச்சோறோ களியோ செய்துதரக்கூடும். இங்கே வந்தும் ஃப்ரைடு ரைஸ் கேட்பது நியாயமா?

ரெண்டாம் நாள்: படிகளுக்கு முன் முழங்காலைக் கேளுங்க!

ஆகாய கங்கை சுமார் 300 அடி உயர அருவி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது ஜாலி, ஏறுவதுதான் விஷயம். அதிலும் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு, பசியோடு! முழங்கால் வலி, இதயப் பிரச்னை, மூச்சிரைப்பு உள்ளவர்கள் கூச்சப்படாமல் மேலேயே இருந்துவிடுங்கள். கோயிலும், அருகில் ஓடும் ஐயாறும், அதில் துள்ளும் மீன்களும் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளம். அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை. வெட்டிச் சமைத்த மீன் உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளியதாக ஒரு தலக்கதை உண்டு. பெரியவர்களையும் குளிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்றால் மாசிலா அருவி சுலபம்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கே படியிறங்க ஆரம்பித்துவிடுங்கள். மாலையில் அருவிக்கு அனுமதியைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். மழை பலமாக இருந்தால் முழுவதுமாகவே மூடிவிடுவார்கள். அப்போது காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. பிறகு எட்டுக்கை அம்மன் கோயில், சீக்குப்பாறை காட்சிமுனை என்று பார்த்துக்கொண்டே வரலாம். சீக்குப்பாறையில் நின்றால் ‘தீவு’ என்று சொன்னதன் அர்த்தம் புரியும். வாசலூர்பட்டி படகு இல்லம் குழந்தைகள் இருந்தால் மட்டும்.

வழியெல்லாம் ‘முடவாட்டுக்கால் சூப்’ விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. சூடாக ஒரு கப் குடியுங்கள், மிளகுக் காரம் குளிருக்கு இதம். மூட்டுவலியே பறந்துவிடும் என்று சொல்வதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூட்டை கட்டி வாங்கவும் வேண்டாம், அது காட்டிலிருந்து பெயர்த்தெடுத்து வருவது.

மூணாம் நாள்: அதே தண்ணீரைக் கீழே பாருங்க!

பெரும்பாலானோர் விட்டுவிடுகிற பகுதி இது. ஆகாய கங்கையாக விழுந்த ஐயாறு, மலையின் மறுபக்கத்தில் புளியஞ்சோலையில் பாறைகளுக்கிடையே ஓடி வருகிறது. அது திருச்சி மாவட்டம், துறையூர்ப் பக்கம். காட்டு வழியாக நடந்து இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். வண்டியில் என்றால் மலையை இறங்கி, நாமக்கல் - துறையூர் சாலையைப் பிடித்து அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அரை நாள் ஆகும், ஆனால் மலையின் இன்னொரு முகத்தைப் பார்த்துவிடுவீர்கள்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை தண்ணீரும் பசுமையும் நன்றாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அருவி மெலிந்துவிடும். மழைக்காலத்தில் புளியஞ்சோலையில் குளிக்கும்போது மட்டும் ஒரு கண் தண்ணீரின் நிறத்தில் இருக்கட்டும். இங்கே வெயிலடித்தாலும் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறிவிடுங்கள். துண்டு, செருப்பை எல்லாம் அப்புறம் தேடிக்கலாம்.