திமிர் பிடித்த மீன்

சம்மணம் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் நம்முடையதாகவே இருப்பதில்லை. மரத்துப்போய்விட்டது என்கிறோம். திமிர் என்ற சொல்லுக்கும் அந்தப் பொருள் உண்டு. இன்று அதைக் கேட்டதும் ஆணவம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் தமிழ் விவிலியத்தில் வரும் திமிர்வாதக்காரனிடம் ஆணவம் ஏதும் இல்லை. அவன் கைகால் விளங்காதவன்.

லத்தீன்காரர்கள் இந்த மரமரப்பை டார்பிடோ என்றார்கள். பிறகு அதையே ஒரு மீனுக்கும் பெயராக வைத்தார்கள். தொட்டால் கையை மரக்கச் செய்யும் மின் திருக்கைதான் அந்த மீன். ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கீல்வாத நோயாளியை ஈரமான கடற்கரையில் நிற்கச் சொன்னார். காலடியில் உயிருள்ள டார்பிடோ ஒன்றைப் போட்டு, முழங்கால்வரை மரக்கும்வரை அதன்மேல் நிற்க வேண்டும். கிரேக்கர்களும் மரமரப்புக்கும் இந்த மீனுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தார்கள்: நார்க்கே. போதைப்பொருளைக் குறிக்கும் நார்க்காட்டிக் என்ற சொல்லின் வேர் அதுதான். 1801இல் தரங்கம்பாடித் திருக்கை ஒன்றை அறிவியல் நூலில் ஏற்றியபோது அதற்கு ‘டிம்லெய்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று அதன் முழுப்பெயர் நார்சினி டிம்லெய். நார்சினியில் நார்க்கே வெளிப்படையாகவே இருக்கிறது. டிம்லெய் என்பதைச் சொல்லிப் பார்த்தால் என் காதில் திமிர்தான் விழுகிறது. இது காது சொல்லும் சாட்சிதான், வழக்காடுமன்றத்தில் எடுபடாது.

மரக்க வைக்கும் மீன் எப்படி வெடிக்கும் பொருளானது? அதற்கு அமெரிக்கப் போர்கள் காரணம். 1776இல் டேவிட் புஷ்னெல் ‘ஆமை’ என்று பெயரிட்ட சிறு நீர்மூழ்கியைக் கட்டி, நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயக் கப்பலின் அடியில் வெடிமருந்தைப் பொருத்த ஆள் அனுப்பினார். அது பலிக்கவில்லை. பின்னால் ராபர்ட் ஃபுல்டன் இத்தகைய நீரடி வெடிகளுக்கு டார்பிடோ என்ற பெயரை நிலைநிறுத்தினார். 1810இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. மீனைப் போலவே அந்த வெடியும் தண்ணீருக்கடியில் கண்ணுக்குப் படாமல் காத்திருந்து, தொட்டவரை வீழ்த்தும்.

காத்திருப்பதுதான் இங்கே முக்கியம். டார்பிடோ என்றதும் நமக்குத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும் உலோகச் சுருட்டு நினைவுக்கு வரும். அது பிற்காலத்துச் சரக்கு. ராபர்ட் வைட்ஹெட் தானாக ஓடும் டார்பிடோவை உருவாக்கியது 1866இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொபைல் விரிகுடாவில் டெகும்சே என்ற போர்க்கப்பலை மூழ்கடித்த டார்பிடோ நகரவே இல்லை. இன்றைய பேச்சில் அதைக் கண்ணிவெடி என்போம்.

டெகும்சே மூழ்கிய அந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் எட்வர்ட் ராபர்ட்ஸ் என்ற படையதிகாரி இருந்தார். 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில், குறுகிய கால்வாய் ஒன்றுக்குள் பீரங்கிக் குண்டுகள் விழுந்து வெடிப்பதைப் பார்த்தார். சுற்றிலும் தண்ணீர் அடைத்துக்கொண்டு நிற்பதால் வெடியின் விசை சிதறாமல் ஓரிடத்தில் குவிகிறது என்பது அவர் மனத்தில் தங்கிவிட்டது. களத்தில் வேறு எத்தனை பேர் அதே கால்வாயைப் பார்த்திருப்பார்கள்! அவர்களில் எண்ணெய்க் கிணற்றை நினைத்தவர் இவர்.

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் அருகே 1859இல் எட்வின் டிரேக் 69½ அடி ஆழத்தில் எண்ணெய் கண்ட பிறகு, அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கிணறுகள் முளைத்திருந்தன. பொங்கிய கிணறுகள் சிறிது காலத்தில் சோர்ந்துவிடும். எண்ணெயோடு வரும் மெழுகு பாறை இடுக்குகளில் படிந்து வழியை அடைத்துவிடுவதே காரணம். அடைத்துக்கொண்ட போர்வெல்லுக்கு நம் ஊரில் கம்ப்ரசரைக் கொண்டுவந்து ஊதுவார்கள். ராபர்ட்ஸ் வெடிவைக்கலாம் என்றார். 1865 ஜனவரியில் டைட்டஸ்வில் பக்கத்தில் ‘லேடீஸ் வெல்’ என்ற கிணற்றுக்குள் கரிமருந்து நிறைத்த குப்பிகளை இறக்கினார். மேலே தண்ணீர் நிறைந்திருக்கும். கம்பி வழியாக ஓர் இரும்புத் துண்டு சறுக்கிப் போய் மூடியிலிருக்கும் வெடிகேப்பைத் தட்டும். ஃபிரெடரிக்ஸ்பர்க் கால்வாய் செங்குத்தாக நிமிர்ந்துகொண்டது போல!

இந்தக் குப்பிக்கு அவர் வைத்த பெயரும் டார்பிடோதான். போர்முனையிலிருந்து வந்தவரின் வாயில் வேறு பெயர் வந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. மரக்கச் செய்வதைக் குறித்த சொல், மரத்துக் கிடந்த பாறையைத் தட்டி எழுப்பும் கருவிக்குப் பெயரானது. எண்ணெயே தராத உட்டின் கிணறு 1866 டிசம்பரில் முதல் டார்பிடோவுக்கு நாளொன்றுக்கு 20 பீப்பாய் தந்தது. அடுத்த மாதம் இரண்டாவது இறங்கியதும் 80.

ராபர்ட்ஸ் கைவசம் காப்புரிமை இருந்தது. ஒரு டார்பிடோவுக்கு 100 முதல் 200 டாலர். போதாக்குறைக்கு, கூடுதலாக வரும் எண்ணெயில் பதினைந்தில் ஒரு பங்கு. கிணற்றுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. ராத்திரியில் திருட்டுத்தனமாக வெடிவைத்துக் கொடுக்க ஆட்கள் கிளம்பினார்கள். நிலவொளியில் வேலை செய்ததால் அவர்களை மூன்லைட்டர் என்றார்கள். ராபர்ட்ஸ் துப்பறிவாளர்களை ஏவினார், வழக்குமேல் வழக்குப் போட்டார். பகல் வேலை போக இரவில் இன்னொரு வேலை பார்ப்பதற்கு இன்று வழங்கும் மூன்லைட்டிங் இவர்களிடமிருந்து வந்ததாக எண்ணெய் வட்டாரத்தில் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. 1880களில் அயர்லாந்தில் இரவில் பண்ணைகளைத் தாக்கியவர்களுக்கும் அதே பெயர்தான் இருந்தது. நிலவை எந்த இரவுத் தொழிலும் சொந்தம் கொண்டாடலாம்.

கரிமருந்து போய் நைட்ரோகிளிசரின் வந்தது. டார்பிடோவைத் தட்ட மேலிருந்து போடும் இரும்புக் கட்டைக்கு ‘கோ டெவில்’ என்று பெயர். ‘போ, பிசாசே’ என்று வைத்துக்கொள்ளலாம். போட்டவரும் உடனே அங்கிருந்து ஓட்டமெடுக்க வேண்டும் என்பதால், பிசாசு என்பது கட்டையா ஆளா என்று எனக்கு ஐயம். பிற்பாடு எண்ணெய்க் குழாய்களைச் சுரண்டித் துப்புரவு செய்யும் கருவிக்கும் இந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

கிணறுகள் ஆழமாகின. உள்ளே கேசிங் பைப் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் ஊற்றினார்கள். இப்போது எண்ணெய் உள்ளே வர வேண்டுமானால் இரும்பையும் சிமென்ட்டையும் துளைத்தாக வேண்டும். 1932இல் கலிஃபோர்னியாவின் மாண்டெபெல்லோவில் யூனியன் ஆயில் நிறுவனத்தின் கிணற்றுக்குள் லேன், வெல்ஸ் என்ற இருவர் துப்பாக்கியையே இறக்கினார்கள். பக்கவாட்டில் தோட்டா சுடும் உருளை அது. பெயர் ‘கன்’; பொருளுக்குப் பொருத்தமான பெயர்.

அந்தப் பொருத்தம் இரண்டாம் உலகப் போர்வரைதான் நீடித்தது. அந்தப் போரில் டாங்கியின் கவசத்தைத் துளைத்த பஸூக்காவின் நுட்பத்தை, ஹென்றி மோஹாப்ட் என்ற சுவிஸ்காரர் போருக்குப்பின் கிணற்றுக்குள் கொண்டுவந்தார். வெடிமருந்தில் கூம்பு வடிவக் குழி விட்டு, அதற்கு மெல்லிய உலோக உறை பொருத்தினால், வெடிக்கும்போது உறை ஒடுங்கி ஊசிபோன்ற தாரையாகப் பாயும். தோட்டா இல்லை, பெயர் மட்டும் இன்றுவரை கன்தான்.

குழிந்த வெடிமருந்தின் இந்தக் குணத்தைச் சார்ல்ஸ் மன்ரோ என்ற வேதியியலாளர் 1888இலேயே எழுதியிருந்தார். வெடிமருந்துக் கட்டியில் கடற்படையின் எழுத்துகள் பள்ளமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. எஃகுத் தகட்டின்மேல் வைத்து வெடித்தபோது அதே எழுத்துகள் எஃகில் பதிந்தன. அவர் வேலை பார்த்த இடம் நியூபோர்ட் நகரில் இருந்த கடற்படை டார்பிடோ நிலையம். கிணற்றைவிட்டு மீனின் பெயரை விரட்டிய கருவியும் அந்த மீனின் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

ஆனால் டைட்டஸ்வில் வட்டாரம் பழைய முறையை அவ்வளவு எளிதில் விடவில்லை. ராபர்ட்ஸின் நிறுவனத்துக்கு வாரிசாக வந்த ஆட்டோ கப்ளர் டார்பிடோ கம்பெனி, நைட்ரோகிளிசரினால் கடைசியாக ஒரு கிணற்றை வெடித்தது 1990 மே மாதத்தில். மின் திருக்கையின் பெயரைப் பலகையில் எழுதிவைத்திருந்த அந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவில் மலையும் காடுமாக நெடுந்தூரம் கிடக்கிறது.