பெயரை இழந்த மருந்து: ஆஸ்பிரின் வழக்கும் வணிகச் சின்னப் பாதுகாப்பும்

முன்னுரை

ஒரு பொருள் எந்த நிறுவனத்திடமிருந்து வருகிறது என்பதைச் சுட்டுவது வணிகச் சின்னம். அச்சின்னமே பொருளின் பெயராக மக்கள் வழக்கில் நிலைபெற்றுவிட்டால், அதன்மீதான தனியுரிமை அழிகிறது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் உருவாக்கிய 'ஆஸ்பிரின்' என்னும் பெயர் அமெரிக்காவில் பொதுப்பெயரானது இதற்குத் தக்க சான்றாகும். முதல் உலகப் போரே இப்பெயரைப் பறித்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அமெரிக்காவைப் பொறுத்தவரை காரணம் வேறு என்பதை 1921ஆம் ஆண்டுத் தீர்ப்பின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

காப்புரிமைக் காலம்

பேயர் நிறுவனம் 1899இல் ஆஸ்பிரின் என்னும் பெயரைப் பதிவுசெய்தது. 1900இல் அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றது. 1917 வரை அம்மருந்தை அங்கு வேறெவரும் சட்டப்படி உற்பத்தி செய்ய இயலவில்லை. அதன் வேதியியற்பெயரான அசெட்டைல்சாலிசிலிக் அமிலம் மருத்துவர்க்கும் மருந்து வணிகர்க்கும் தெரிந்திருந்தது. பொதுமக்களின் நாவில் ஏறவில்லை. மேலும், 1915 வரை பேயரிடமிருந்து மருந்தை வாங்கிய பிற நிறுவனங்கள், அதனை மாத்திரைகளாக்கித் தத்தம் பெயருடன் 'ஆஸ்பிரின்' என்றே விற்றன. ஆகவே, வாங்கியோர்க்கு அச்சொல் மருந்தின் வகையை உணர்த்தியதேயன்றி, அதன் மூலத்தை உணர்த்தவில்லை.

போரும் தீர்ப்பும்

பிரிட்டனில் 1915இல் அரசே இச்சின்னத்தை இரத்து செய்தது. அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு. அங்கிருந்த பேயரின் சொத்துகளை அரசு கைப்பற்றி, 1918இல் ஏலத்தில் விற்றது. ஸ்டெர்லிங் நிறுவனம் அவற்றை வாங்கியது. உரிமையாளர் மாறினாரே தவிர, பெயருக்கான உரிமைக்கோரிக்கை தொடர்ந்தது. யுனைடெட் டிரக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வாங்குவோர் அச்சொல்லால் எதனைப் புரிந்துகொள்கின்றனர் என்பதையே நீதிபதி லேர்னெட் ஹேண்ட் அளவுகோலாகக் கொண்டார். மருத்துவர், மருந்து வணிகர் ஆகியோரிடையே அது வணிகச் சின்னமாகவே நீடிக்கிறது என்றும், பொதுமக்களிடையே பொதுப்பெயராகிவிட்டது என்றும் அவர் பகுத்துரைத்தார். 'பேயர் – ஆஸ்பிரின் மாத்திரைகள்' என்னும் நிறுவனத்தின் சொந்த முகப்பு வாசகமே, ஆஸ்பிரினை ஒரு மருந்து வகையாகக் கொண்டதாக அமைந்திருந்தது. போரில் ஈடுபட்ட கனடாவில் ஆஸ்பிரின் இன்றும் வணிகச் சின்னமாக நீடிப்பதும், போரை மட்டுமே காரணமாகக் கொள்ள இயலாமையைக் காட்டுகிறது.

பின்விளைவு

இதே அளவுகோல் பிற பெயர்களையும் வீழ்த்தியது. செலோஃபேன் 1936இலும் எஸ்கலேட்டர் 1950இலும் பொதுப்பெயர்களாயின. தெர்மாஸ் வழக்கில் 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், போட்டி நிறுவனம் சில வரம்புகளுக்கு உட்பட்டு அச்சொல்லைப் பயன்படுத்தலாம் என்றது. தன் பெயரைத் தானே பொதுச்சொல்லாகப் பரப்பியது தெர்மாஸ் நிறுவனத்துக்குப் பாதகமாயிற்று. இப்படிப்பினையால், சின்னத்துடன் பொருளின் பொதுப்பெயரையும் சேர்த்து எழுதுவதை நிறுவனங்கள் வலியுறுத்தலாயின. தன் பெயரை 'நகலெடு' என்னும் பொருளில் வினையாக வழங்க வேண்டாம் என ஜெராக்ஸ் நிறுவனம் விளம்பரங்கள்வழி வேண்டியது இந்நோக்கிலேயே ஆகும்.

முடிவுரை

பதிவேடு ஒரு பெயருக்கு உரிமை தரலாம். மக்கள் வழக்கே அதனை நிலைநிறுத்துகிறது. தனியொரு நிறுவனம் மட்டுமே விற்கும் புதுப்பொருளுக்கு எளிய பொதுப்பெயர் வாய்க்காதபோது, வணிகச் சின்னமே அவ்விடத்தை நிரப்புகிறது. எனவே ஒரு பெயரின் பெருவெற்றியே அதன் இழப்புக்கு வித்தாகிறது. நிறுவனங்கள் சொல்வழக்கைக் கண்காணிப்பது பெருமிதத்தால் அன்று. சொல்லின் பொருள் மாறும்போது சொத்தும் கைநழுவும் என்பதாலேயே ஆகும்.