சாவிக்கொத்தும் கடிகாரமும்

இன்ஜினியர் கட்டுரை என்றால் பாலம், மோட்டார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதுவது காய்ச்சல் வலிப்பின் வரலாறு. காரணம் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன், திண்டிவனத்தில் மாமனார் வீட்டில், ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகியது. கை கால் வெட்டி இழுத்தது. அத்தை ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். "இரும்பு பிடிச்சா நின்னுடும் மாப்பிள்ளை!" நானோ, படித்தவன், வாய்க்குள் ஸ்பூன் விடப் போனேன். இரண்டே நிமிடத்தில் நின்றது. இரும்பால்தான் நின்றது என்று அத்தை இன்றும் சொல்கிறார்.

அன்றுதான் படிக்க ஆரம்பித்தேன். நம் பக்கத்தில் இதை மாந்தம், இழுப்பு, தோஷம் என்றார்கள். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். சில ஊர்களில் பச்சைப் பிள்ளைக்குச் சூடும் போட்டார்கள். இவ்வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும். ஆகவே எதைச் செய்தாலும் பலித்த மாதிரிதான் தெரியும்!

மேல்நாட்டார் மட்டும் என்னவாம்? பல் முளைப்பதே காரணமென்று ஈறைக் கீறினார்கள். 1912ல் ஜெர்மனியில் ஹாப்ட்மேன், பினோபார்பிட்டோன் வலிப்பை அடக்குவதைக் கண்டார். பிற்பாடு, காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைகளுக்கும் அதை வருடக்கணக்கில் தினமும் கொடுத்தார்கள். 1976ல் அமெரிக்காவில் நெல்சனும் எலன்பெர்க்கும், சுமார் 1,700 குழந்தைகளை ஏழு வயதுவரை கவனித்த முடிவை வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் காக்காய் வலிப்பு வரவில்லை. 1990ல் வந்த ஆய்வோ, அந்த மருந்து குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்ணைக் குறைத்தது என்றது. தினசரி மருந்து வழக்கொழிந்தது.

1979ல் டென்மார்க்கின் குனுட்சன் வேறு வழி காட்டினார்: டயஸிபாம் கரைசலை ஆசனவாய் வழியே சீக்கிரம் செலுத்தினால் நீளும் வலிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இன்று மூக்கில் அடிக்கும் மிடசோலமும் உண்டு.

நம் ஊரிலும் காலம் மாறியிருக்கிறது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது; 2010ல் விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வரலாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108. முன்னதாக நின்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், காய்ச்சலின் காரணம் தெரியவேண்டும்.

என் மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். சாவிக்கொத்து ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் நான் மாட்டிய கடிகாரம். அத்தை இரண்டையும் விடுவதாயில்லை. எனக்கு அது போதும்!