பழைய வண்டியும் ஐந்தாண்டுச் சான்றும்

எங்கள் இளம்பிள்ளையில் சேலை மூட்டையையும் டி.வி.எஸ் 50-ஐயும் பிரித்துப் பார்க்க முடியாது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த வண்டி அது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1-ல். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். பிறகு ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம்.

சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் அச்செடுப்பார்கள். ஹாரன், விளக்கு, பிரேக் பார்ப்பார்கள். வண்டி யாருடையது என்பதற்கு அது நல்ல சாட்சி. பிரேக்குக்கோ அந்த ஒரு நாள் சாட்சிதான். பிரேக் கட்டை தேய்வதும், கேபிள் இழை இழையாக அறுவதும் ஐந்தாண்டு காத்திருக்குமா? எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. உண்டே!

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளைக் கவனிப்பது என் வழக்கம். அங்கே கார்களுக்கு 1992 முதலே ஆய்வு உண்டு. இரு சக்கர வண்டிக்கு, பலத்த எதிர்ப்பைத் தாண்டி, 2024 ஏப்ரல் 15-ல்தான் வந்தது. முதல் ஆய்வு ஐந்து ஆண்டுக்குள். பிறகு மூன்றாண்டுக்கு ஒரு முறை.

ஆகவே நண்பர்களே, ஆர்.சி.யில் தேதி இருக்கிறதென்று நம்பி மூட்டையோடு நெடுஞ்சாலை ஏறாதீர்கள். மாதம் ஒரு முறை மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டுங்கள்.