நெசவு படித்தவர் எடுத்த படங்கள்

கல்லூரிகளில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. செமஸ்டர் முடியும்போது, "இந்த ஆறு மாதத்தில் என்ன கற்றுக்கொண்டாய்? அதை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து வா" என்கிறார்கள். மாணவர்களும் செல்போனில் படம்பிடித்து, பின்னணி இசை சேர்த்து, "நிறைய கற்றுக்கொண்டோம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் படித்ததைப் படத்தில் காட்டுவது என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு சேலத்துச் சரித்திரத்தில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அவர் பெயர் டி.ஆர்.சுந்தரம்.

சுந்தரம் 1907ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். அன்று அது சேலம் மாவட்டம். 1997 முதல் நாமக்கல் மாவட்டம். தறிச்சத்தம் கேட்காத தெருவே இல்லாத பகுதி. நூல், துணி வியாபாரத்தில் இருந்த குடும்பம். எனவே அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்ததில் ஆச்சரியம் இல்லை. திரும்பி வந்து சினிமா எடுத்ததுதான் ஆச்சரியம்!

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) பம்பாயில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தமிழ்ப் படம் எடுக்க நினைத்தவர்கள் நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் ரயிலேற்றி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ அழைத்துப் போனார்கள். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு, ஸ்டூடியோ வாடகை என்று பணம் கரைந்தது. ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராக இருந்த சுந்தரம் இதையெல்லாம் நேரில் பார்த்தவர்.

அவர் யோசித்தது ஒரு மில் முதலாளி யோசிப்பது போலத்தான். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்தால் இன்னொரு வாசலில் துணியாக வெளியே வரவேண்டும். படத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். 1930களின் நடுவில் ஏற்காடு மலை அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே வளாகத்தில்! நடிகர்கள், கதை எழுதுபவர்கள், தொழிலாளிகள் பலருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரவேண்டும், நேரத்துக்கு முடிக்கவேண்டும் என்பதில் முதலாளி மிகக் கண்டிப்பு.

பலன் என்ன? 1937ல் முதல் படம் சதி அகல்யா. 1938ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன். மலையாளத்தின் முதல் பேச்சு திரைக்காகப் பதிவானது சேலத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது! 1940ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த உத்தம புத்திரன். 1950ல் கருணாநிதி வசனத்தில், எம்.ஜி.ஆர். நடிப்பில் மந்திரி குமாரி. 1956ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும். 1961ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படம் கண்டம் பெச்ச கோட்டு. பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், அதுவும் சென்னையில் அல்ல, சேலத்தில்!

இந்தப் படங்கள் எதிலும் சுந்தரம் "நான் லீட்ஸில் இன்னது படித்தேன்" என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தேதி தவறாமல், கணக்கு பிசகாமல் படங்கள் வெளிவந்ததே அவர் படித்த படிப்பின் சாட்சி. பாடம் நெசவு, அதைப் பயன்படுத்திய இடம் சினிமா. ஒரு துறையில் கற்றதை இன்னொரு துறைக்குக் கொண்டுபோக முடிந்தால்தான் அது உண்மையில் கற்றது ஆகும்.

1963ல் அவர் மறைந்தார். மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரை வைத்து வல்லவன் ஒருவன் (1966) போன்ற துப்பறியும் படங்களை எடுத்தார். ஆனால் தமிழ் சினிமா முழுவதும் சென்னையில் குவிந்த பிறகு சேலத்து ஸ்டூடியோ நிலைக்கவில்லை. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டி பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் கதை தெரியும்?

செமஸ்டர் வீடியோ எடுக்கப்போகும் மாணவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். கேமராவைத் தன் முகத்துக்கு நேராக வைத்து "கற்றுக்கொண்டேன்" என்று சொல்வதைவிட, கற்ற அடக்கவிலைக் கணக்கை வைத்து ஒரு விசைத்தறிக் கூடத்தின் வரவு செலவைப் படமாக்கிக் காட்டலாம். பார்ப்பவர்களுக்கே புரிந்துவிடும், என்ன கற்றார்கள் என்று.