வேடந்தாங்கல் காத்த வாக்கு
(வாயில்லா ஜீவன்களின் அச்சமும் நமது கடமையும்)



நமது செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் அமைந்துள்ள வேடந்தாங்கலை அறியாதவர் நம்மில் இரார். விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, நாரைகளையும் கூழைக்கடாக்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். ஆயினும், அப்பறவைகள் இவ்வூரை நம்பி ஆண்டுதோறும் வருவதற்குரிய காரணத்தை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பதில்லை. பறவைகளுக்கும் அச்சம் உண்டு என்பதை உணர்ந்து, அந்த அச்சத்தைப் போக்கும் வண்ணம் தம் வாழ்க்கை முறையையே அமைத்துக்கொண்ட ஓர் ஊர் மக்களின் வரலாறு அது. வீட்டில் ஆடு, கோழி, பூனை, புறா வளர்க்கும் நம் அனைவருக்கும் அதில் பாடம் உண்டு.

வேடர்களின் ஏரி

தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடர்கள் வந்து தங்கி வேட்டையாடிய இடமாதலின் இவ்வூர் வேடந்தாங்கல் எனப் பெயர் பெற்றது என்பர். 18ஆம் நூற்றாண்டில் இப்பகுதி நிலக்கிழார்களின் வேட்டைக்களமாகவே விளங்கிற்று.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே. மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா முதலியன அவற்றுள் சில. நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இவற்றைத் திரளாகக் காணலாம்.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு நல்ல உரமாக அமைவதை உழவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டனர். எனவே, பறவைகளைக் காப்பது தம் வயலைக் காப்பதற்கு ஒப்பானது என உணர்ந்தனர். தொடக்கத்தில் பயன் கருதி ஏற்பட்ட உறவாயினும், தலைமுறைகள் செல்லச் செல்ல அது பரிவாகவும் ஊர்க் கட்டுப்பாடாகவும் வளர்ந்தது.

கவுல் பெற்ற வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில், ஆங்கிலச் சிப்பாய்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊர் மக்கள் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. அன்றைய ஆட்சியரான லயனல் பிளேஸ் அவர்களிடம் சென்று முறையிட்டனர். மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டவர் என்று நம் பகுதி மக்கள் இன்றும் நினைவுகூரும் அதே ஆட்சியர்தாம் அவர். 1798ஆம் ஆண்டில், பறவைகளுக்கு எவரும் தீங்கு செய்தலாகாது என்று மக்களின் உரிமையை ஏற்று அவர் 'கவுல்' வழங்கினார். அந்த மூல ஆவணம் பின்னர் தொலைந்துபோகவே, ஊரார் மீண்டும் முயன்று 1858ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர்.

கவுல் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. 'சொல்' என்றும் 'வாக்கு' என்றும் பொருள்படும் கவ்ல் என்ற அரபுச் சொல்லே தமிழகத்தின் வருவாய்த் துறை வழக்கில் கவுல் ஆயிற்று. எழுதப்பட்ட தாள் தொலைந்த காலத்திலும் ஊரார் தம் வாக்கினைத் தொலைக்கவில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

பின்னர் 1936இல் இவ்விடம் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1998இல், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம்பெற்றது. அரசின் இந்த ஏற்பாடுகள் அனைத்திற்கும் முன்னோடியாக நின்றது ஊராரின் கட்டுப்பாடேயாகும்.

வெடியோசை இல்லாத பண்டிகை

துப்பாக்கியைத் தடுத்ததோடு ஊரார் நின்றுவிடவில்லை. தீபாவளித் திருநாளிலும் இங்குள்ள மக்கள் வெடி வெடிப்பதில்லை. வெடி பறவையின் மேல் படுவதில்லையே, ஓசைதானே என்று அவர்கள் எண்ணவில்லை. ஓசையால் விளையும் அச்சமும் ஒரு தீங்கே என்று கொண்டனர்.

இதற்குத் தக்க காரணமும் உண்டு. கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள் திடீரென அச்சமுற்றால் ஒருசேர எழுந்து பறந்துவிடும். அந்நேரத்தில் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலில் வாடும். காகங்கள் வந்து கவர்ந்து செல்லும். அச்சம் அடிக்கடி நேருமாயின், பறவைகள் கூட்டையே கைவிட்டுச் சென்றுவிடும்.

இத்தகைய பரிவு வேடந்தாங்கலுக்கு மட்டும் உரியதன்று. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்களும் பறவைகளை முன்னிட்டு வெடி தவிர்த்து வருகின்றனர். திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில், வீட்டு முற்றத்து மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்ப்பதை அவ்வூரார் வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

சட்டம் உணர்ந்த துன்பம்

கிராமத்து மக்கள் அனுபவத்தால் அறிந்த இவ்வுண்மையைச் சட்டம் ஏற்கப் பல காலம் பிடித்தது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட திருமதி ருக்மிணிதேவி அருண்டேல் அவர்கள், விலங்குவதையைத் தடுக்கும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டு, அவரே அதன் முதல் தலைவரானார். அடிப்பதும் மிகுபாரம் ஏற்றுவதும் மட்டுமன்றி, அசைந்து திரும்ப இயலாத கூண்டில் அடைப்பதும், மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அச்சட்டத்தின்படி வதையேயாகும்.

பிரிட்டனில் 1965ஆம் ஆண்டு பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதன் வழியே ஐந்து விடுதலைகள் என்ற கோட்பாடு 1979 முதல் உருப்பெற்றது. பசி தாகத்திலிருந்தும், வசதியின்மையிலிருந்தும், வலி நோயிலிருந்தும் விடுதலை. இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலை. இவற்றுடன் அச்சத்திலிருந்தும் மனத்துன்பத்திலிருந்தும் விடுதலை என்பனவே அவ்வைந்து.

நபிமொழியில் இச்செய்தி நமக்கு முன்பே கிடைத்திருக்கிறது. பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனை வருத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பித் தரப் பணித்தார்கள். ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தைத் தடவி அமைதிப்படுத்தி, அதனைப் பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரைக் கண்டித்த செய்தியும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இவ்விரண்டிலும் அவர்கள் முதலில் கவனித்தது அந்த ஜீவனின் மனத்துயரையே அன்றோ?

நம் இல்லங்களில் செய்ய வேண்டியவை

குர்பானிக்கு முன் ஆட்டைச் சில நாட்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். ஆடு மந்தையில் வாழும் பிராணி. தனியே மொட்டை மாடியில் கட்டினால் ஓயாது கத்துவது பெரும்பாலும் தனிமையின் அச்சத்தாலேயே. இயன்றவரை இரண்டு ஆடுகளை அருகருகே கட்டுவதும், நிழலும் நீரும் தருவதும், சிறுவர்கள் கொம்பைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பாகும். ஓர் ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டுவதையும் மற்றோர் ஆட்டை அறுப்பதையும் தவிர்த்தல் வேண்டும்.

பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்து உணவை மறுப்பதும், கூண்டுப் பறவை தன் இறகைத் தானே பிடுங்குவதும், கட்டிய நாய் ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி வருவதும் குறும்பு அல்ல. நோயின் அல்லது மனத்துன்பத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அடித்துத் திருத்த முயன்றால் அச்சம் இன்னும் பெருகும். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972 சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாயின் செவி நாம் கேட்க இயலாத ஒலிகளையும் கேட்க வல்லது. அக்கம்பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்கும் நாட்களில், வளர்ப்புப் பிராணிகளை உள்ளறையில் வைத்து, சன்னல்களை அடைத்து, பழகிய ஒருவர் அருகில் இருப்பது நலம். நம் இல்லத் திருமணங்களில் வெடியையும் பேரொலிப் பெட்டியையும் குறைத்துக்கொண்டால், வாயில்லா ஜீவன்களோடு முதியவர்களும் நோயாளிகளும் பச்சிளங் குழந்தைகளும் நன்மை பெறுவர்.

நமக்கு அண்டை ஊரான வேடந்தாங்கல் மக்கள், தமக்குச் சொந்தமில்லாத பறவைகளுக்குத் தந்த வாக்கை 200 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகின்றனர். நம் கையால் உணவுண்டு நம் வாசலிலேயே உறங்கும் ஜீவன்களுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது அதனினும் கூடுதல் அன்றோ? நம் பராமரிப்பில் உள்ள எந்த உயிரும் நம்மைக் கண்டு அஞ்சி ஒடுங்காத வண்ணம் நம் இல்லங்களை அமைத்துக்கொள்வோமாக. அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.