மீன்தொட்டி அடிமண் வெப்பக் கம்பி

அடிமண் வெப்பக் கம்பி என்பது நீர்த்தாவரங்கள் வளர்க்கும் மீன்தொட்டியின் அடிக்கண்ணாடியை ஒட்டி, மணற்படுகைக்குள் வளைத்து வளைத்துப் பதிக்கப்படும் நீர் புகாத மின்கம்பி. தொட்டி வைத்திருப்போர் இதை ஹீட்டிங் கேபிள் என்பார்கள். சிலிக்கோன் உறை போர்த்திய இக்கம்பி பெரும்பாலும் மின்மாற்றி வழியே தாழ்ந்த மின்னழுத்தத்தில், சில பத்து வாட் திறனில் இயங்கும். தண்ணீரைச் சூடாக்குவது இதன் முதல் வேலையன்று. அதற்குத் தனி ஹீட்டர் உண்டு. மணலுக்குள் மிக மெதுவான நீரோட்டத்தை உண்டாக்கி, மேலே உள்ள சத்துகளை வேர்வரை இறக்குவதற்காகவே கம்பி பதிக்கப்படுகிறது.

இம்முறையைப் பரப்பியது ஜெர்மனியின் டூப்ளா நிறுவனம். அதன் பின்னணியில் இருந்த கஸ்பார் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் இருவரும் எழுதிய ‘தி ஆப்டிமம் அக்வேரியம்’ நூல் 1986இல் ஆங்கிலத்தில் வந்தது. கரியமில வாயு, இரும்புச்சத்து உரம், செம்பூரான் மண், அடியில் வெப்பக் கம்பி ஆகியவற்றை ஒரே தொகுப்பாக அது முன்வைத்தது. வெப்பமண்டல ஓடைகளின் அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறி மேலெழுந்து வேர்களைத் தொடுகிறது, அதைத் தொட்டியில் கம்பி செய்துகொடுக்கும் என்பது வாதம். ஊற்று பற்றிய கவனிப்பு சரியானது. ஆனால் நிலத்தடி நீரின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். வெயிலேறிய பகலில் ஓடைநீர் அதைவிடச் சூடாகவும் இருக்கும். ஆகவே ‘இயற்கையில் அடிமண் சூடாக இருக்கிறது’ என்று சொல்லிக் கம்பி வாங்குவதற்கு அடிப்படை வலுவில்லை. கம்பியின் தகுதியை அது உண்டாக்கும் ஓட்டத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

அந்த ஓட்டம் உண்மையானது. 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 997.05 கிராம்; 26 டிகிரியில் 996.79 கிராம். கால் கிராம் வேறுபாடுதான். இருந்தும் கம்பிக்கு நேர்மேலே உள்ள நீர் இலேசாகி எழ, இரு வளைவுகளுக்கு இடையில் உள்ள குளிர்ந்த நீர் கீழிறங்குகிறது. 2 மில்லிமீட்டர் பருமனுள்ள சரளையில் ஒரு டிகிரி வேறுபாடு மணிக்குச் சில சென்டிமீட்டர் நகர்வைத் தரும் என்று கணக்கிடலாம். ஓட்டமே இல்லாத படுகையில் கரைபொருள் ஒன்று தானாகப் பரவி 5 சென்டிமீட்டர் ஆழம் சேர இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எனவே சரளையில் கம்பியின் ஆதாயம் சிறியதன்று.

ஆனால் மணலின் ஊடுருவுதிறன் துகள் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகள் பத்தில் ஒரு பங்கானால், அதாவது 0.2 மில்லிமீட்டர் நுண்மணலானால், ஓட்டம் நூறில் ஒரு பங்காகிவிடும். களிமண் கலந்த படுகையிலும், ஆண்டுக்கணக்கில் கசடு இறங்கி அடைத்த படுகையிலும் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். தொட்டிக்கு வெளியே, கண்ணாடிக்கு அடியில் விரிக்கும் வெப்பப் பாயும் இதற்கு ஈடாகாது. முழுப் பரப்பும் ஒரே சீராகச் சூடேறினால் எழும் இடம், இறங்கும் இடம் என்ற வேறுபாடு மங்கிவிடும்.

வேகம் கூடினால் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் இரும்பு கரையும் வடிவில் இருக்கிறது. ஆக்சிஜன் பட்டதும் துருவைப் போன்ற கரையாப் பொருளாகிறது. சரளைக்கு அடியில் வைக்கும் அண்டர் கிராவல் ஃபில்டர் நீரை விரைவாக உறிஞ்சி இந்நிலையைக் கலைத்துவிடும். ஓட்டமே இல்லாமல் போனால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மந்தமான ஓட்டத்தைக் காப்பதுதான் கம்பியின் உண்மையான சிறப்பு. இந்த வேலையில் வேர்களுக்கும் பங்குண்டு: நீர்த்தாவரங்கள் இலையிலிருந்து ஆக்சிஜனைத் தண்டு வழியே இறக்கி வேர்முனையில் கசியவிடுகின்றன. மண்ணுக்குள் துளைத்துத் திரியும் மலேசியச் சுருள்நத்தைகளும் படுகையைக் கிளறிவிடும்.

கம்பி வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்வது அறையின் வெப்பநிலை. ஜெர்மனியில் 20 டிகிரி அறையில் 25 டிகிரி தண்ணீர் நிற்கும். அடிக்கண்ணாடி வழியே சூடு இறங்கி, வேர்ப்பகுதி தண்ணீரைவிடக் குளிர்ந்துவிடும். அங்கே கம்பிக்கு நாள் முழுவதும் வேலை உண்டு. அது தரும் சூடு ஹீட்டரின் செலவில் கழிந்துபோகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டரே ஓடுவதில்லை. 200 லிட்டர் தொட்டியில் 50 வாட் கம்பி, சூடு வெளியேறாவிட்டால், ஒரே நாளில் தண்ணீரை 5 டிகிரி ஏற்றிவிடும். பக்கங்களிலும் மேற்பரப்பிலும் சூடு கழிவதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனால் 29 டிகிரியில் ஏற்கெனவே வாடும் செடிக்கு இரண்டு டிகிரியே மிகை. தெர்மோஸ்டாட் வைத்தால் கம்பி அணைந்தே கிடக்கும். இத்தகைய ஊர்களில் கம்பி பதிப்பது வீண் என்று தயங்காமல் சொல்லலாம். உதகமண்டலம், நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊர்களில் மட்டுமே கேள்வி உயிரோடு இருக்கிறது. அங்கும் மின்செலவைக் கணக்கில் கொள்ள வேண்டும்: 50 வாட் இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட்.

அடுத்தது செடி. இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டி, தென்னமெரிக்காவின் எகினோடோரஸ் போன்றவை வேர் வழியே பெரும்பங்கு சத்தெடுப்பவை; படுகையின் நிலை அவற்றை நேரடியாகத் தொடும். மரக்கட்டையில் கட்டி வளர்க்கும் அனுபியாசுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் அடிமண்ணே தேவையில்லை. கரியமில வாயுவும் ஒளியும் போதாத தொட்டியில் வேருக்கு எதை அனுப்பியும் பயனில்லை. பணம் முதலில் அவற்றுக்கே போக வேண்டும்.

வேருக்குச் சத்து சேர்க்க வேறு வழிகளும் எளிதாகிவிட்டன. ஜப்பானின் தகாஷி அமானோ பெயர்பெற்ற தம் ‘நேச்சர் அக்வேரியம்’ தொட்டிகளில் சத்துள்ள படுகையையே நம்பினார். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில், சரளைக்கு அடியில் சாதாரண மண்ணை வைத்துச் செடி வளர்க்கும் முறையை விளக்கினார். கம்பியில்லாமலே இவ்விரு வழிகளிலும் செடிகள் அடர்ந்து வளர்கின்றன. வெறும் சரளை வைத்திருப்பவருக்கு, வேரருகே புதைக்கும் உரமாத்திரை கம்பியின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும். சத்தை வேரடியிலேயே வைத்துவிட்டால் மேலிருந்து இறக்கும் தேவை குறைந்துவிடுகிறது. குளிர்ந்த அறை, பருமனான சரளை, சத்தற்ற படுகை, வேரால் உண்ணும் செடி, பல ஆண்டு கலைக்காமல் வைத்திருக்கும் எண்ணம் ஆகிய அனைத்தும் கூடும்போதுதான் கம்பி பொருந்துகிறது.

பொருந்தும் தொட்டியில் அதைத் தொடக்கத்திலேயே பதிக்க வேண்டும். செடி வேரூன்றிய பிறகு பதிக்க வழியில்லை. வளைவுகள் ஒன்றையொன்று தொடாமல், சில சென்டிமீட்டர் இடைவெளியில், உறிஞ்சு பிடிப்பான்களால் அடிக்கண்ணாடியிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கப்படும். ஊர்வனக் கூண்டுகளுக்கு விற்கும் வெப்பக் கம்பியை நீருக்குள் வைக்கக் கூடாது. தாழ்ந்த மின்னழுத்தக் கம்பியே பாதுகாப்பு. நேரடி மின்னிணைப்பில் ஓடுவதானால் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மண் போடுமுன் தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் புதைந்த கம்பி பழுதானால் படுகை முழுவதையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.